1930களின் மெட்ராஸ் டெரஸ் வீடு, ஓதம், பூஞ்சை: காற்றுப் பரிசோதனைக்குப் பணம் கொடுக்கலாமா?

மாடவீதி கேட்டது:

மயிலாப்பூரில் 1930களில் கட்டிய வீடு. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய 14 அங்குலச் செங்கல் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டங்கள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி போட்ட மாடித்தளம்), நடுவில் சின்ன முற்றம். 1990களில் கீழ்ப்பகுதிப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசியிருக்கிறார்கள்; அதன்மேல் பட்டி, எமல்ஷன். இரண்டு படுக்கையறைகளில் ஸ்ப்ளிட் ஏசி.

கூடத்துச் சுவரில் இடுப்பு உயரம் வரை பெயிண்ட் உரிந்து வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூக்கிறது. ஏசி அறைக்கு அடுத்த ஸ்டோர் ரூமில் பீரோவை நகர்த்தினால் பின்னால் கருப்புப் புள்ளிகள். பரணில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மக்கல் வாடை. வீட்டில் ஆஸ்துமா உள்ள பெரியவர் ஒருவர் இருக்கிறார்.

ஒரு நிறுவனம் வந்து பார்த்து, 6 இடத்தில் காற்று மாதிரி எடுத்து "நச்சுக் கருப்புப் பூஞ்சை" இருக்கிறதா என்று அறிக்கை தருவதாகவும், இருந்தால் அவர்களே ஃபாகிங் (மருந்தைப் புகைபோல அடிப்பது) செய்து தருவதாகவும் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. என் கேள்விகள்: இந்தச் சோதனை தேவையா? தேவை என்றால் எந்த முறையில் எடுக்கச் சொல்ல வேண்டும்? வரும் எண்களை எப்படிப் படிப்பது?

---

சுண்ணாம்புக்காரை பதில்:

இப்போதைக்கு ஆர்டர் கொடுக்காதீங்க. கண்ணுக்குத் தெரியுற பூஞ்சை இருக்கிற வீட்டில் மாதிரி எடுப்பது பெரும்பாலும் அவசியமில்லைன்னு அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈபிஏவே சொல்லுது. காற்றில் இத்தனை வித்துக்கு (பூஞ்சை பரப்புற நுண்விதை) மேல் இருந்தால் ஆபத்துன்னு அங்கே மத்திய அரசு வரம்பும் கிடையாது. பூஞ்சைக்குத் தேவை ஈரம். உங்க வீட்டில் ஈரம் மூணு வெவ்வேறு வழியில் வருதுன்னு விவரத்தைப் படிச்சாலே தெரியுது. மூணுக்கும் மருந்து வேற வேற. காற்றில் வித்தை எண்ணினால் அந்த வித்தியாசம் தெரியாது.

முதல்ல கூடத்துச் சுவர். அந்த வெள்ளைப் பஞ்சு அனேகமா பூஞ்சையே இல்லை, உப்பு. கத்தி முனையால் கொஞ்சம் சுரண்டி ஸ்டீல் கரண்டியில் போட்டு இரண்டு சொட்டுத் தண்ணி விடுங்க. உப்புன்னா கரைஞ்சு காணாமப் போகும், பூஞ்சைன்னா சுருண்டு மிதக்கும். லென்ஸ் வெச்சுப் பார்த்தா உப்பு ஊசி ஊசியா மின்னும். இதுக்கு லேப் வேண்டாம்.

அடுத்தது ஃபாயில் சோதனை. ஓர் அடிச் சதுர அலுமினியம் ஃபாயிலைச் சுவரில் வெச்சு நாலு பக்கமும் காற்று புகாம டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்க. முன்பக்கம் வேர்த்தா அறைக் காற்றின் ஈரம் படியுது. பின்பக்கம் வேர்த்தா சுவருக்குள்ளேயிருந்து வருது. உரியுற பெயிண்ட் மேல டேப் நிக்காது, முதல்ல சுரண்டிட்டு ஒட்டுங்க. கூடம், ஸ்டோர் ரூம் இரண்டு இடத்திலும் செய்யணும்.

ஈரமானி வெச்சுக்கிட்டு வர்றவங்ககிட்ட ஒரு ஜாக்கிரதை. இரண்டு ஊசி உள்ள மீட்டரின் அளவுகோல் மரத்துக்கானது. சுவரில் அது காட்டுற "35 சதவீதம்" வெறும் ஒப்பீட்டு எண். சுவரில் உப்பு இருந்தா மின்சாரம் நல்லாக் கடத்தும், அதனால் காய்ஞ்ச சுவரையும் நனைஞ்ச சுவர்னு காட்டிடும். ஓதச் சுவரில் உப்பு இல்லாம இருக்காது. நிஜமான எண் வேணும்னா துளை போட்டுத் தூள் எடுக்கணும். 9 எம்எம் பிட், டிரில் மெதுவா ஓடணும், வேகமா ஓட்டினா சூட்டிலேயே தூள் காய்ஞ்சிடும். முதல் ஒரு சென்டிமீட்டர் தூளைத் தள்ளிட்டு அதுக்கு உள்ளே இருந்து வர்றதை மூடியுள்ள டப்பாவில் பிடிக்கணும். தரையிலிருந்து 20 சென்டிமீட்டர், அரை மீட்டர், 1 மீட்டர், ஒன்றரை மீட்டர்னு ஒரே நேர்கோட்டில் நாலு துளை. அங்கேயே கார்பைடு மீட்டரில் (தூளின் ஈரம் கார்பைடோடு சேர்ந்து வர்ற வாயு அழுத்தத்தை வெச்சு அளக்குறது) போட்டுப் பார்க்கலாம், இல்லாட்டி எடை போட்டு 105 டிகிரியில் காயவெச்சு மறுபடி எடை பார்க்கலாம். பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஜிப்சத்தில் செய்யுற பூச்சு) கலந்த தூளை மட்டும் அவ்வளவு சூட்டில் வைக்கக்கூடாது. ஜிப்சத்தில் கட்டுண்ட தண்ணியும் சேர்ந்து போய்க் கணக்கு தப்பாகும்.

அடியில் அதிகமா இருந்து மேலே போகப் போகக் குறைஞ்சா தரை ஓதம். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் உச்சம் காட்டினா உள்ளே போற குழாயைச் சந்தேகப்படுங்க. அடித்தூளிலேயே 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தா பெரிய வேலை எதுவும் வேண்டாம்.

பரண் தனிக் கதை. உத்திரமும் சட்டமும் சுவருக்குள் நுழையுற முனைகளில் ஊசி மீட்டர் வைக்கச் சொல்லுங்க. மரம்கிறதால இங்கே மீட்டர் சொல்றதை நம்பலாம். 20 சதவீதத்தைத் தாண்டினா மேலேயிருந்து தண்ணி இறங்குது. மாடியில் தண்ணி கட்டிப் பார்க்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. 5 சென்டிமீட்டர் தண்ணின்னா சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். முனை மக்கிப்போன சட்டத்துக்கு அது தாங்காது, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் ஊறிக் கனத்துடும். ஹோஸில் பகுதி பகுதியா நனைச்சு, ஒவ்வொரு பகுதிக்கும் கீழே ஓர் ஆள் நின்னு பார்த்தாப் போதும். கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி முளைச்சிருந்தா அங்கேயிருந்து ஆரம்பிங்க.

---

அகார்தட்டு பதில்:

மேலே சொன்னது சரி. ஆனால் "சோதனையே வேண்டாம்" என்று முடித்துவிட முடியாது. பதில் எதுவாக வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை முன்பே சொல்ல முடிந்தால் மாதிரி எடுங்கள். எந்தப் பதில் வந்தாலும் அதே ஃபாகிங்தான் என்றால் அது விற்பனைக்கான அறிக்கை. சோதிப்பவரே சுத்தம் செய்பவராகவும் இருக்கக்கூடாது. நியூயார்க், டெக்சாஸ், ஃப்ளோரிடா மாநிலங்களில் ஒரே வேலையில் இரண்டையும் ஒருவர் செய்வதற்குச் சட்டத்திலேயே தடை உண்டு. இங்கே அந்தக் கண்டிப்பை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு முதலில் பொருத்தமானது டேப் மாதிரி. கருப்புப் புள்ளிமேல் தெளிவான செலோடேப்பை மெதுவாக ஒற்றி எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, லாக்டோஃபீனால் காட்டன் புளூ சாயம் போட்டு 400 மடங்கில் பார்ப்பார்கள். இழைகளும், வித்துத் தாங்கும் காம்புகளும் தெரிந்தால் அந்த இடத்திலேயே வளர்கிறது. உதிரி வித்துகள் மட்டும் இருந்தால் எங்கிருந்தோ வந்து படிந்த தூசி. லேப் அறிக்கையில் இந்த இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "பூஞ்சை உள்ளது" என்ற வரியால் பயனில்லை. எந்த வீட்டில்தான் இல்லை?

காற்று மாதிரி எடுத்தே ஆக வேண்டுமென்றால் கீழே உள்ளவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

வித்துப் பொறி கேசட் (பம்ப் இழுக்கும் காற்றிலுள்ள வித்துகளை ஒட்டவைத்துப் பிடிக்கும் சின்ன டப்பா) என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர், 5 நிமிடம், ஆக 75 லிட்டர் என்பது வழக்கம். பம்பின் ஓட்டத்தை அன்றே ரோட்டாமீட்டரில் (காற்றோட்ட அளவி) சரிபார்த்த குறிப்பு இருக்க வேண்டும். தெருப்பக்க அறையில் 5 நிமிடம் ஓட்டினால் தூசி அப்பிக்கொண்டு வித்து மறைந்துவிடும். அங்கே 2 நிமிடம் போதும். வெளிக்காற்று மாதிரி அதே நேரத்தில் குறைந்தது இரண்டு. திறந்து உடனே மூடிய வெற்றுக் கேசட் ஒன்றும் லேபுக்குப் போக வேண்டும். மழை பெய்யும்போதோ விட்ட கையோடோ எடுக்கக்கூடாது. மழை வெளிக்காற்றின் வித்துக் கலவையையே மாற்றிவிடும், பிறகு உள்ளே வெளியே என்று ஒப்பிட வழியில்லை.

எண்ணைப் படிக்கும் முறை: 75 லிட்டரில் 1 வித்து கண்டால் அறிக்கையில் கன மீட்டருக்கு 13 என்று வரும். 30 லிட்டரில் 1 வித்து என்றால் 33. எனவே "கூடத்தில் 26, அறையில் 52" என்று பார்த்துப் பதறாதீர்கள். அது 2 வித்துக்கும் 4 வித்துக்கும் உள்ள வித்தியாசம். அறிக்கையில் நேரடி எண்ணிக்கை என்ற பத்தி இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அஸ்பெர்ஜில்லஸும் பெனிசிலியமும் இந்த முறையில் ஒன்றாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்துப் பெயர் போட்டிருந்தால் அறிக்கையைச் சந்தேகப்படலாம். கிளாடோஸ்போரியம் வெளியிலும் ஏராளம், அது மட்டும் வந்தால் பெரும்பாலும் தெருக்காற்று.

உங்கள் வீட்டில் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. முற்றம் திறந்த வீடு. கதவு ஜன்னல் திறந்திருக்கும்போது கூடத்தில் எடுக்கும் மாதிரி வெளித்தெருவின் காற்றைத்தான் அளக்கும். மூடி வைக்கக்கூடிய அறைகளில், முதல் நாள் இரவே மூடிவிட்டு, காலையில் எடுத்தால்தான் அர்த்தம். கூட்டிப் பெருக்கிய உடனே எடுத்தால் எண் எகிறும்.

அகார் தட்டை (பூஞ்சை வளர்க்கும் ஊட்டக்கூழ் தட்டு) மேஜையில் அரை மணி நேரம் திறந்து வைத்து "காற்றுப் பரிசோதனை" என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு காற்று தட்டின்மேல் பட்டது என்று தெரியாது, கனமான வித்துகள்தான் விழும். வளர்ப்பு முறை வேண்டுமானால் பம்ப் வைத்த இம்பாக்டர் (அளந்த காற்றைத் தட்டின்மேல் மோதவிடும் கருவி) வேண்டும். வழக்கமான மால்ட் அகாரோடு, ஈரம் குறைவான ஊட்டக்கூழான டிஜி18 தட்டும் வைக்கச் சொல்லுங்கள். பீரோ, தோல் பை, புத்தகம் இவற்றில் வருபவை குறைந்த ஈரத்தில் வளரும் வகைகள், அவை மால்ட் தட்டில் சரியாக எழும்பாது.

"நச்சுக் கருப்புப் பூஞ்சை" விஷயம். அவர்கள் சொல்வது ஸ்டாக்கிபோட்ரிஸ். அதற்குத் தொடர்ந்து நனைந்த காகிதம், அட்டை, ஜிப்சம் போர்டு போன்ற செல்லுலோஸ் வேண்டும். அமெரிக்க வீடுகளில் சுவரே காகிதம் ஒட்டிய ஜிப்சம் போர்டு, அதனால் அங்கே அது பெரிய பேச்சு. சுண்ணாம்புச் செங்கல் சுவரில் அதற்குத் தீனி இல்லை. ஃபால்ஸ் சீலிங், வால்பேப்பர், ஈரத்தரையில் அடுக்கிய அட்டைப்பெட்டி இருந்தால் அங்கே பாருங்கள். அதன் வித்து பிசுபிசுப்பானது, எளிதில் பறக்காது. எனவே காற்றில் "இல்லை" என்று வந்தால் வீட்டில் இல்லை என்று பொருளல்ல. கருப்பாக இருப்பதெல்லாம் அதுவும் அல்ல.

லேப் லெட்டர்ஹெட்டில் என்ஏபிஎல் (இந்திய ஆய்வக அங்கீகார அமைப்பு) முத்திரை இருந்தால் மட்டும் போதாது. அங்கீகாரம் சோதனைவாரியாகத் தரப்படுவது. அங்கீகாரம் பெற்ற சோதனைகளின் (ஸ்கோப்) பட்டியலில் இந்தச் சோதனை இருக்கிறதா என்று பாருங்கள்; தண்ணீர் சோதனைக்கு வாங்கிய முத்திரை காற்றுக்குச் செல்லாது.

பெரியவரைப் பொறுத்தவரை, லேப் அறிக்கையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவதைவிட நுரையீரல் மருத்துவரிடம் மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்), அஸ்பெர்ஜில்லஸுக்கான தனி ஐஜிஇ ரத்தச் சோதனைகள் தேவையா என்று கேட்பது பயன்படும். சுத்தம் செய்யும் நாட்களில் அவர் அந்த வீட்டில் இருக்கக்கூடாது.

---

குளிர்பெட்டி பதில்:

ஸ்டோர் ரூம் பீரோ விஷயத்துக்கு மட்டும் வர்றேன். அது ஏசி வேலை. ஏசி அறைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் இருப்பது பின்னாளில் கட்டின நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்தானே? தட்டிப் பாருங்க. அந்தப் பக்கம் 22ல ஏசி ஓடுது, இந்தப் பக்கம் ஏசி இல்லை. ஐப்பசி கார்த்திகையில் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம்னா பனிநிலை 26 டிகிரி. அதுக்குக் கீழே குளிர்ந்த பரப்பு எதுவானாலும் வேர்க்கும். வேர்க்கவே வேண்டாம், சுவரை ஒட்டின காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நாள்கணக்கா நின்னாலே பூஞ்சைக்குப் போதும். பீரோ வேற காற்றை அடைக்குது. அதனால்தான் பூஞ்சை ஏசி இல்லாத பக்கத்தில் வருது. ஏசி அறையிலேயே தேடிக்கிட்டிருந்தா கிடைக்காது.

ஏசியை 26ல வெச்சு ஃபேன் போடுங்க. பீரோவைச் சுவரிலிருந்து மூணு அங்குலம் தள்ளுங்க. ராத்திரி ஏசி நின்ன பிறகு வெறும் ஃபேன் மோடில் விடாதீங்க, காயிலில் நிக்கிற தண்ணி திரும்ப அறைக்கே வரும். இன்டோர் யூனிட்டின் முன்மூடியைத் திறந்து டார்ச் அடிச்சு உருளை ப்ளோயர் இதழ்களைப் பாருங்க. கருப்பா மாவு மாதிரி அப்பியிருந்தா ஃபில்டர் கழுவினது போதாது, ப்ளோயரைக் கழற்றி வாஷ் பண்ணணும், ட்ரேயையும் டிரெயின் பைப்பையும் சேர்த்து.

வீட்டுக்குள்ளே இருக்கிறதைவிட வெளியே ஈரம் அதிகமா இருக்கிற மாசத்தில் ஜன்னலைத் திறந்து "காற்றாட" விட்டா ஈரம் உள்ளேதான் வரும். திறக்கிறதுன்னா பனிநிலையை ஒப்பிட்டுத் திறக்கணும். சென்னையில் அதுக்குத் தோதான நேரம் கோடையில் மேற்கேயிருந்து மேல்காற்று அடிக்கிற முற்பகல், கடல்காற்று வர்றதுக்கு முன்னாடி.

ஈரப்பதமானி வாங்கினா முதல்ல உப்பு வெச்சுச் சரிபாருங்க. ஒரு மூடியில் சமையல் உப்பு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணி. அதையும் மீட்டரையும் ஜிப் பையில் போட்டு 12 மணி நேரம். 75 காட்டணும். 69 காட்டினா எப்பவும் 6 கூட்டிக்கங்க. இலக்கு 60க்குக் கீழே. டீஹியூமிடிஃபயர் டப்பாவில் போட்டிருக்கிற "நாளைக்கு 20 லிட்டர்" 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. அறை காயக் காயப் பாதிக்குப் பக்கத்தில்தான் வரும்.

காற்றுத் தரம்னு கேட்டதால இதையும் சேர்த்துக்கங்க. கதவு மூடின ஏசி அறையில் இரண்டு பேர் தூங்கினா விடியும்போது கார்பன் டை ஆக்சைடு 1500 பிபிஎம்மைத் தாண்டுறது சாதாரணம். என்டிஐஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவையே அளக்குறது) உள்ள மீட்டர் வாங்குங்க, "இ-சிஓ2"ன்னு எழுதியிருக்கிறது வாசனையைப் பார்த்து ஊகிக்கிற சாதனம். பிஎம் 2.5க்கு (காற்றில் மிதக்குற நுண்தூசி) உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர வழிகாட்டு அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம், இந்திய வரம்பு 60. கொசுவத்தி ஏத்தின அறையில் இரண்டுமே நிக்காது. ஆஸ்துமாக்காரர் அறையில் பூஞ்சையைத் தேடுறதுக்கு முன்னாடி கொசுவத்தியை எடுங்க.

---

மாடவீதி:

மூவருக்கும் நன்றி. பார்த்தவரை: வெள்ளைப் பஞ்சு தண்ணீரில் கரைந்துவிட்டது. ஃபாயில் கூடத்தில் பின்பக்கம் ஈரம், ஸ்டோர் ரூமில் முன்பக்கம் ஈரம். அது தடுப்புச் சுவர்தான், தட்டினால் மெல்லிய சத்தம். பரணில் வடக்குப் பக்கச் சட்டங்களின் முனையில் மட்டும் மீட்டர் 23 முதல் 26 வரை, மற்ற இடங்களில் 14.

கூடத்துக்கு டிரில் போட்டுக் கெமிக்கல் ஊசி ஏற்றினால் ஓதம் நிற்கும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

---

சுண்ணாம்புக்காரை:

அதுக்கு முன்னாடி வாசலில் நின்னு தெருவைப் பாருங்க. தார் மேல தார் போட்டுத் தெரு உயர்ந்து, பழைய வீடுகளின் தரை ரோட்டுக்குக் கீழே போயிருக்கும். திண்ணைக்கு ஏறுற படியில் இரண்டு காணாமப் போயிருந்தா அதுதான் உங்க ஓதத்துக்குக் காரணம். வெளி மண்மட்டம் உள்தரையைவிட 15 சென்டிமீட்டராவது கீழே இருக்கணும். தெருவை இறக்க முடியாது. ஆனா காம்பவுண்டுக்குள் சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளத்தைப் பெயர்த்து, ஓர் அடி அகலக் கால்வாய் வெட்டி ஜல்லி நிரப்பி, சரிவா வெளியே விடலாம். சுவரோரம் போற டிரெயினேஜ் பைப்பையும் சோதிங்க.

பிறகு அந்த சிமென்ட் பூச்சு. சுவரின் ஈரம் பூச்சு வழியா வெளியே போக முடியாததால மேலே ஏறுது. அதனால்தான் இடுப்புவரை வந்திருக்கு. ஓதக்கோட்டுக்கு மேலே அரை மீட்டர் வரைக்கும் கொத்தி எடுத்து, இணைப்புகளைச் சுரண்டி, உப்பைத் துடைப்பத்தால் காய்ஞ்ச நிலையிலேயே பெருக்கி அள்ளிடணும். தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு திரும்ப உள்ளே போயிடும். கொத்தும்போது பழைய பெயிண்ட் தூள் பறக்காம நனைச்சுக்கங்க. பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாதுங்கிற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, உங்க வீட்டுக் கதவு ஜன்னலில் அதுக்கு முந்தின அடுக்குகள் நிறைய இருக்கும்.

கொத்தின சுவரை அப்படியே விடுங்க. சுவர் காயுறதுக்கு ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம்னு தோராயக் கணக்கு. 14 அங்குலத்துக்கு நீங்களே போட்டுக்கங்க, இரண்டு பக்கமும் திறந்திருந்தா பாதி. அப்புறம் ஊறின சுண்ணாம்பு 1, மணல் 3 கலவையில் பூசி வெள்ளையடிங்க. பட்டியும் எமல்ஷனும் அந்தப் பக்கமே வேண்டாம்.

ஊசி விஷயம்: 12 எம்எம் துளை, 12 சென்டிமீட்டர் இடைவெளி, சாந்து இணைப்பில் வரிசையா போட்டு, தண்ணியை ஏறவிடாத கிரீம் நிரப்புவாங்க. நல்ல கட்டுமானத்தில் வேலை செய்யும். சாந்து உதிர்ந்து உள்ளே பொள்ளலான பழைய சுவரில் மருந்து எந்தச் சந்தில் போச்சுன்னே தெரியாது. போட்டாலும் உப்பேறின பூச்சை எப்படியும் எடுத்தாகணும். கால்வாய் வெட்டி, பூச்சு எடுத்து, ஒரு மழைக்காலம் பார்த்த பிறகும் அடித்தூளில் எண் இறங்கலைன்னா அப்போ யோசிங்க.

வடக்குச் சட்ட முனைகளை இந்த மழைக்கு முன்னாடி திறந்து பார்க்கணும். ஸ்க்ரூடிரைவரைக் குத்துங்க, சுலபமா இறங்கினா முட்டுக் கொடுத்துட்டுத்தான் மேல வேலை. மாடியில் பதிச்ச தட்டையான ஓடுகளின் இணைப்பில் விரிசல் இருந்தா சிமென்ட் ஊத்தாதீங்க, சுண்ணாம்புத் தளம் அசையுற அளவுக்கு அது அசையாது, அடுத்த கோடையில் அதே இடத்தில் வெடிக்கும்.

---

அகார்தட்டு:

ஸ்டோர் ரூம் கருப்புப் புள்ளியை எடுக்கும் முறை. அறைக் கதவைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள், ஃபேன் வேண்டாம். என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை. உலர்ந்தபடி சுரண்டினால் ஒரு சதுர அடியிலிருந்து அறை முழுக்க வித்து. முதலில் ஸ்ப்ரேயரில் சோப்புத் தண்ணீர் தெளித்து, துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியை மடித்துப் பையில் போட்டுக் கட்டுங்கள். காய்ந்த பிறகு ஹெப்பா (நுண்தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) வேக்குவம். சாதாரண வேக்குவம் வித்தைப் பின்பக்கமாக ஊதித் தள்ளும். பீரோவின் பின்பலகை பிளைவுட் என்றால், உப்பியிருந்தால் கழற்றிப் போட்டுவிடுங்கள், சுத்தம் செய்ய முடியாது.

பிளீச்சிங் தண்ணீர் அடித்தால் நிறம் போகும், பூச்சுக்குள் தண்ணீரும் சேரும். செத்த வித்தும் ஒவ்வாமையைக் கிளப்பும், எனவே கொல்வதைவிட அகற்றுவதுதான் வேலை. ஃபாகிங்கும் இதே காரணத்தால் வீண். பிளீச்சிங்கோடு ஆசிட் டாய்லெட் கிளீனர் எதுவும் சேரக்கூடாது, குளோரின் வாயு வரும்.

முடிந்ததும் உடனே காற்று மாதிரி எடுக்காதீர்கள். ஈரமானி எண்கள் இறங்கி, கண்ணுக்குத் தூசியும் புள்ளியும் இல்லாமல், ஸ்டோர் ரூம் ஈரப்பதம் இரண்டு மூன்று வாரம் 60க்குக் கீழே நின்றால் போதும். பெரியவருக்கு மூச்சுத் தொந்தரவு அப்போதும் குறையவில்லை என்றால் அவர் படுக்கும் அறையில் ஒன்று, வெளியே இரண்டு, வெற்றுக் கேசட் ஒன்று. அந்த ஆறு இடத்துக் கொட்டேஷன் வேண்டாம்.